மிச்சத்தின் குறைகள்

இறந்தவர்களை மதிப்பதில் அந்த நகரத்தை மிஞ்ச இந்த அண்டத்தில் வேறு நகரம் கிடையாது, கண்ணுகளா. மற்ற ஊர்களில் ஆள் செத்த பிறகுதான் மரியாதை. அதற்குள் பாதிப் பேர் மறந்தும் போயிருப்பார்கள். அந்த நகரத்தில் அந்த அலட்சியமே கிடையாது. வீரர்கள் வாசலைத் தாண்டும் முன்பே தூணில் பெயர் செதுக்கி, பளபளவென்று தேய்த்து, துணி போட்டு மூடி, திறப்பு விழாவில் யார் எங்கே உட்காருவது என்பதுவரை முடிவு செய்துவிடுவார்கள். சாவது ஒன்றுதான் பாக்கி. அதை வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெரிய இரும்பு மூடி ஒன்றின் கீழே இருந்தது அந்த நகரம். மூடிக்கு மேலே மணல். மணலுக்கு மேலே குளவிகள். பூவைத் தேடி வரும் குளவி இல்லை. என்றைக்கோ யாரோ யாரோடோ போட்ட சண்டைக்காகச் செய்து, சண்டை முடிந்ததும் நிறுத்த மறந்துவிட்டுப் போன இரும்புக் குளவிகள். ஒவ்வொன்றும் ஆள் உயரம். கண் கிடையாது, காது மட்டும்தான். சத்தம் வந்த திசைக்குப் பறந்து வரும், கொட்டும், போகும். கோபம், பகை ஒன்றும் கிடையாது. நல்ல அரசு ஊழியரைப் போலக் கடமையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடும்.

அதனால் ஊரே கிசுகிசுவென்றுதான் பேசும். பாத்திரங்களுக்குத் துணி உறை, கதவுகளுக்கு மெத்தை, சுத்தியலுக்குத் தொப்பி. புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடக் கையாலும் கண்ணாலும்தான் போட வேண்டும். அடக்க முடியாத திட்டு ஏதாவது இருந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் திட்டிக்கொள்ளலாம். குழந்தைக்கு அம்மா என்று சொல்ல வருவதற்கு முன்பே ‘உஸ்’ என்று சொல்ல வந்துவிடும்.

அந்த ஊருக்கு மூச்சு வரும் வழி ஒன்றே ஒன்று. ‘காற்று வாய்’ என்பார்கள். மூடிக்கு மேலே, வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில், கிணறு மாதிரி ஒரு துளை. மணல் வந்து அதை அடைத்துக்கொண்டே இருக்கும். அதை அள்ளிப் போட வீரத் துறை படை அனுப்பும். படை என்றால் கையில் ஈட்டி, முதுகில் மண்வெட்டி. ஈட்டி படம் எடுக்க, மண்வெட்டி வேலை செய்ய. ஆனால் நேராகப் போய் மண்வெட்டியைத் தொட்டுவிட முடியாது. காற்று வாய்க்கு முன்னால் வரிசை கட்டி நின்று, நாலு வரி முழக்கத்தை வாய்விட்டு முழங்க வேண்டும். துறையின் விதி அது. முழக்கத்தை இயற்றியவர் துறையின் இயக்குநரே.

குளவியே கேள்! எங்கள் குரலைக் கேள்!
வந்திருக்கிறோம்! வரிசையாய் நின்றிருக்கிறோம்!
அஞ்சோம்! அசையோம்! அடியெடுத்து நகரோம்!
வென்றோம்! வீடு திரும்புவோம்!

கண்ணில்லாத எதிரிக்கு இத்தனை மரியாதையாக வழி காட்டிய கவிதை வேறு எந்த மொழியிலும் இல்லை. “நாலாவது வரிதான் இதுக்கு உயிர்” என்று இயக்குநர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். சொல்லும்போது கண் கலங்குவார்.

போன படை எதுவும் திரும்பியதில்லை. குளவி வந்து சேர்வதற்குள் யாராவது நாலு வெட்டு அள்ளிப் போட்டால் உண்டு. அதனால் காற்று வாய் எப்போதும் பாதி அடைத்தே கிடந்தது. ஊர் அரை மூச்சுக்குப் பழகிவிட்டது. ‘நம் மக்கள் நிதானமானவர்கள்’ என்று துறை இதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஊரில் ஒரு நாள் ஒழுங்கு கெட்டது. ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள்.

நாற்பதைத் தொட்டவள். வெறுங்கால். காலணிகள் கயிற்றால் கட்டித் தோளில் தொங்கின. கூடப் போனவர்கள் எல்லாம் மணலில் கிடக்க, காற்று வாயைத் தனி ஆளாக அடி மணல்வரை அள்ளிவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கு ஊருக்கு முழு மூச்சு கிடைத்தது. பழக்கமில்லாததால் நாலைந்து பேர் மயங்கி விழுந்தார்கள்.

படையில் மிச்சம் அவள்தான் என்பதால் ‘மிச்சம்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். சொந்தமாகவும் ஒரு பெயர் இருந்தது. அது தூணுக்குப் போய்விட்டது.

“கல்லுல ஏறினதைத் திருத்த விதியில்லைம்மா” என்றார்கள் துறையில். “நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்.”

மிச்சம் அனுசரித்துப் போனாள். துறையிலிருந்து ஆள் வந்தால் ‘காலஞ்சென்ற வீராங்கனை வீட்டில் இருக்கிறார்களா?’ என்றுதான் கேட்பான். ‘இருக்கிறேன்’ என்பாள். தூணடியில் நடந்த அடுத்த அஞ்சலிக் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று தனக்குத் தானே மௌன அஞ்சலி செலுத்தினாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்கு யாருங்க போனது?” என்று கிசுகிசுத்தாள்.

“நான்தாங்க” என்றாள் மிச்சம்.

ஆனாலும் பிழைத்தவளைச் சும்மா விடலாமா? அவளிடம் இருப்பதை எடுத்து அடுத்த படைக்கு ஊட்ட வேண்டாமா? துறை உடனே ‘திறமை மற்றும் குறை மதிப்பீட்டுக் குழு’ ஒன்றை அமைத்தது. இயக்குநர் நடுவில். இந்தப் பக்கம் மருத்துவர், அந்தப் பக்கம் பண்பு ஆய்வாளர். மூவருக்கும் மெத்தை வைத்த நாற்காலி. மிச்சத்துக்கு நிற்க இடம்.

“முழக்கத்தை எவ்வளவு உரக்கச் சொன்னீங்க?” என்று ஆரம்பித்தார் பண்பு ஆய்வாளர்.

“சொல்லலை ஐயா. தொண்டை கட்டியிருந்துச்சு. வாயை மட்டும் அசைச்சேன்.”

“குறை” என்றார் அவர். “அணிவகுப்புல எந்த இடத்துல நின்னீங்க?”

“நிக்கலை ஐயா. புதுக் காலணி கடிச்சிருச்சு. கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்னாடி வந்துட்டிருந்தேன். மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவங்க ஆரம்பிச்சுட்டாங்க.”

“தாமதம், குறை. காலணியைக் கழட்டினது, குறை. குளவி வந்தப்போ என்ன செஞ்சீங்க?”

“உட்கார்ந்துட்டேன்.”

“உட்கார்ந்துட்டீங்களா!” மருத்துவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அசையாம உட்கார்ந்திருந்தேன் ஐயா. அதுங்க போனதும் சத்தமில்லாம மணலை அள்ளினேன். வெறுங்கால்னா மணல்ல சத்தம் வராது.”

இயக்குநர் பெருந்தன்மையோடு சிரித்தார். “சரிம்மா, குறை போதும். திறமைப் பக்கம் வாங்க. உங்களைக் காப்பாத்தினது எது?”

“இதெல்லாம்தான் ஐயா.”

“அதெல்லாம் குறைப் பக்கம் போயாச்சே. திறமையைக் கேக்கறேன்.”

மிச்சம் யோசித்துப் பார்த்தாள். அவளிடம் வேறு எதுவும் இல்லை. மருத்துவர்தான் இரக்கப்பட்டு, “எலும்பு நல்ல உறுதி” என்றார். குழு உற்சாகமானது. எலும்பு உறுதி. பல்வரிசை நன்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார். தாய்நகரப் பற்று இருக்கக்கூடும். திறமைகள் இப்படிக் கடகடவென்று சேர்ந்தன.

கடைசியில் மிச்சம் வாயைத் திறந்தாள். “ஐயா, ஒரு வார்த்தை. குளவிக்குக் காது இருக்கு. நாமளே கூப்பிட்டு நாமளே சாகிறோம். அந்த முழக்கத்தை மட்டும் விட்டுட்டா...”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத்தனை படை போயிருக்கும்மா. முழக்கத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொல்லியிருக்காங்களா? ஒரே ஒரு ஆளோட அனுபவத்தை வெச்சு விதியை மாத்த முடியுமா? இன்னும் ரெண்டு மூணு பேர் பிழைச்சு வந்து சொல்லட்டும். பரிசீலிக்கலாம்.”

இந்த நியாயத்துக்கு எதிர் நியாயம் அவளுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, வெளியே சொன்னால் குழு அமைத்துவிடுவார்கள். மிச்சத்தைப் பயிற்சி அதிகாரியாக்கினார்கள். அவள் திறமைகளை அடுத்த படைக்குக் கற்பிக்க வேண்டும், குறைகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உத்தரவு அவ்வளவுதான்.

வெளியே வந்தாள். வாசலோரம் தூண்கள் வரிசையாக நின்றன. கடைசியில் ஒரு புதுத் தூண். கல்தச்சர் துணி சுற்றிய உளியால் டொக் டொக்கென்றுகூட இல்லாமல், பஞ்சால் ஒத்தடம் கொடுப்பது போலச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

“அடுத்த படையா?” என்றாள்.

“ஆமாம்மா. அடுத்த வாரம் போறாங்க, விழாத் தேதி வெச்சுட்டாங்க.” பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து நெளிந்தார். “உங்க பேரையும் நான்தான் வெட்டினேன். தப்பா நினைச்சுக்காதீங்க. எழுத்து நல்லா விழுந்திருக்கு.”

“அழகாத்தான் இருக்கு” என்றாள் மிச்சம். அவள் கண் புதுத் தூணின் முதல் பெயரில் நின்றுவிட்டது. முதல் பெயர் எப்போதும் ‘முதல் குரல்’ என்ற பதவிக்காரருடையது. முழக்கத்தை எடுத்துக் கொடுப்பவர், வரிசையின் நடுவில் நிற்பவர், குளவி முதலில் வருவது அவரிடம்தான். கல்தூள் இன்னும் உதிராத அந்தப் பெயர், அவள் அக்கா மகளுடையது.

அக்கா மெத்துத் தையல்காரி. கதவுக்கும் கரண்டிக்கும் உறை தைப்பவள். மிச்சம் அவள் வீட்டுக்குப் போனபோது வாளி ஒன்றுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சொல்லவே இல்லையே அக்கா?”

“சொன்னா நீ அழுவே. இல்லாட்டி என்னை அழ வெப்பே.” அக்கா ஊசியை விடவில்லை. “ஊர்லயே நல்ல குரல்னு என் பொண்ணைப் பொறுக்கியிருக்காங்கடி. அவ பொறந்தப்போ வீறிட்டதுக்குத் தெருவே வந்து என்னைத் திட்டுச்சு. வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். இன்னைக்கு அதே குரலுக்குப் பதவி குடுக்கறாங்க.”

“அக்கா, படைக் கூடத்துல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாளே, அவதான் எங்க படையில முதல் குரல்.”

அக்காவின் ஊசி நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் என்று மிச்சத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

மெத்தைக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். இருபது வயசு. கிசுகிசுப்பே பாட்டு மாதிரி இருக்கும் குரல்.

“சித்தி! நீங்கதான் எங்களுக்குப் பயிற்சியாமே! ஒண்ணு கேக்கணும். முழக்கம் போடறப்போ எப்படி இருக்கும்? நான் பொறந்ததுலேருந்து வாய்விட்டு ஒரு வார்த்தை பேசினதில்லை சித்தி. தும்மலைக்கூட முழுங்கித்தான் வெச்சிருக்கேன். ஒரே ஒரு தடவை முழுசாக் கத்தணும். அதுக்காகவே சேர்ந்தேன். அந்த நாலாவது வரி இருக்கே, ‘வீடு திரும்புவோம்’னு, அதைச் சொல்றப்போ உடம்பு சிலிர்க்குமா?”

“தெரியாதுடி.”

“சரி, உங்களுக்குத்தான் தொண்டை கட்டியிருந்துச்சு. மத்தவங்க சொன்னதைக் கேட்டிருப்பீங்களே?”

மிச்சம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “என் பக்கத்துக் கட்டில்காரி குரலும் உன்னுது மாதிரிதான். முதல் வரியை எடுத்தா, கேட்ட எனக்கே எழுந்து நிக்கணும் போல இருந்துச்சு. ரெண்டாவது வரியில பாதிதான் கேட்டேன். அவளுக்கு அப்புறம் மிச்சப் பேர் மூணாவது வரியை ஆரம்பிச்சாங்க.” “நாலாவது வரியை இதுவரைக்கும் அந்த மணல்ல யாரும் சொன்னதில்லைடி. கேட்டவங்களும் கிடையாது.”

மகள் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அக்கா வாளியின் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் ‘குறை நீக்கப் பயிற்சி’ தொடங்கியது. அந்த மாதிரி ஒரு பயிற்சியை எந்த ராணுவமும் கண்டதில்லை. படை முழுவதும் வெறுங்காலோடு மணல் கொட்டிய கூடத்தில் பூனை மாதிரி நடந்தது. “இதுதான் காலணி கழட்டுற குறை. நல்லாப் பாத்துக்குங்க, இப்படி நடந்துரக் கூடாது” என்பாள் மிச்சம். முழக்கத்தை உதட்டால் மட்டும் சொன்னார்கள். “இதுதான் தொண்டை கட்டுற குறை. இப்படி வாயை அசைக்கவே கூடாது. எங்கே, எல்லாரும் ஒரு தடவை அசைச்சுக் காட்டுங்க.” குளவி வருகிறதென்றால் எப்படி உட்காரக் கூடாது என்பதை உட்கார்ந்தே பழகினார்கள்.

அக்கா மகள் மட்டும் மூன்று நாள் சரியாகச் செய்யவில்லை. உதடு அசையும்போது உள்ளிருந்து குரல் வந்து முட்டும். கழுத்து நரம்பு புடைக்கும். மிச்சம் திட்டவில்லை. தன் கையை எடுத்து அவள் தொண்டையில் வைத்துக்கொண்டு நிற்பாள். நாலாம் நாள் அந்த நரம்பு அடங்கியது.

அன்றைக்குத்தான் இயக்குநர் பார்வையிட வந்தார்.

“என்ன இது? எல்லாரும் கோழி மாதிரிக் குந்தியிருக்காங்க?”

“குறைகளைக் காட்டிட்டிருக்கேன் ஐயா. எதுன்னு தெரிஞ்சாத்தானே விலக்க முடியும்?”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். “ஆகா! நோயை அறிஞ்சாத்தான் மருந்து. இன்னும் ஆழமாக் காட்டுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட அவங்களுக்கு இந்தக் குறையெல்லாம் வரணும்.”

“வரும் ஐயா” என்றாள் மிச்சம்.

“அப்ப திறமைகள்?”

“எலும்பு எல்லாருக்கும் உறுதியா இருக்கு ஐயா.”

புறப்படும் நாள் வந்தது. மிச்சமும் போகிறேன் என்றாள். காலஞ்சென்றவர்களை மறுபடி அனுப்ப விதியில்லை என்றார்கள். ஆகவே அவள் வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படை இயக்குநருக்கு வணக்கம் வைத்துவிட்டு, பளபளக்கும் காலணிகளோடு வரிசையாகப் படியேறிப் போனது. கதவு மூடியது.

மேலே நடப்பதைக் கேட்க வாசலில் ஒரு குழாய் உண்டு. முழக்கத்தின் முதல் வரியைக் கேட்டதும் இயக்குநர் கண் கலங்குவது வழக்கம். இரண்டாவது வரியின் நடுவில் குழாயை மூடிவிடுவதும் வழக்கம், நேரத்தோடு விழாவைத் தொடங்க வேண்டுமே. இன்றைக்கு அவர் காதை வைத்தார். வைத்தபடியே இருந்தார். ஒன்றும் வரவில்லை.

“முழக்கமே கேக்கலையே” என்றார். “பாவம், போற வழியிலேயே முடிஞ்சிருக்கும். சரி, தூணுக்கு வாங்க.”

அக்கா மிச்சத்தை இழுத்துத் திருப்பினாள். “ஏண்டி, சத்தம் இல்லேன்னா நல்லதுன்னுதானே சொன்னே?”

உயிரோடு இருப்பவர்கள் சத்தம் போடாமல் இருப்பார்கள். செத்தவர்களும் சத்தம் போடாமல்தான் இருப்பார்கள். குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லிக்கொடுத்தது தப்பாகிவிட்டதோ, இன்னும் ஒரு நாள் அந்தப் பெண்ணின் தொண்டையில் கையை வைத்திருக்க வேண்டுமோ என்று மிச்சத்தை அரித்தது.

ஊர் கூடியது. இயக்குநர் தியாகத்தைப் பற்றி நீளமாகக் கிசுகிசுத்தார். அஞ்சலி தொடங்கியது. எல்லாரும் தலை குனிந்தார்கள். அப்போது தூணைப் போர்த்தியிருந்த துணி லேசாக அசைந்தது. பிறகு புடைத்தது. பிறகு யாரும் தொடாமலே எழும்பிப் பறந்து போய் மருத்துவர் தலையில் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தார். அவர் பின்னால் இன்னொருவர்.

“அக்கா” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள் மிச்சம். “மூச்சு இழுத்துப் பாரு. முழு மூச்சு!”

வாசல் கதவு திறந்தது. படை வந்தது. எல்லாரும் வந்தார்கள். தோளில் காலணி, மண்வெட்டியில் மணல், ஒருத்தன் ஈட்டியில் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தான். அக்கா மகள் முன்னால் வந்து நின்றாள்.

“உஸ்! அஞ்சலி முடியட்டும்!” என்றார் இயக்குநர்.

பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அவர்களும் தங்கள் பெயர்களுக்கு முன்னால் தலை குனிந்து, அஞ்சலி முடியும்வரை நின்றார்கள். அக்கா மட்டும் விதியை மீறி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள்.

அங்கேயே, தூணடியிலேயே அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநரின் வேதனை நியாயமானது. செதுக்கிய கல் வீணாகலாமா? திருத்தவும் விதியில்லை. நெடுநேரம் ஆலோசித்து அவர் முடிவை அறிவித்தார். “கல் பொய் சொல்லக் கூடாது. அதனால படை நாளைக்கே மறுபடி போகணும். இந்தத் தடவை முழக்கத்தை நல்லா வாய்விட்டுச் சொல்லணும். தூணுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கணும்.”

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இப்போது பிடித்துக்கொள்ள நிறைய இருந்தது.

“நீங்க சொன்னீங்களே ஐயா” என்றாள் மிச்சம். “இன்னும் ரெண்டு மூணு பேர் பிழைச்சு வந்து சொல்லட்டும், பரிசீலிக்கலாம்னு. ஒரு படையே வந்திருக்கு.”

“பரிசீலிச்சாச்சு. முழக்கத்துல குறையில்லை. சொல்ற விதத்துலதான் குறை.”

அக்கா மகள் அம்மாவின் கையை விலக்கிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். பணிவு என்றால் அப்படியொரு பணிவு. “ஒத்துக்கறோம் ஐயா. எங்களுக்குச் சொல்லத் தெரியலை. அதுவும் அந்த நாலாவது வரி இருக்கே, அதை எப்படிச் சொல்றதுன்னு கேட்டுக்க எங்களுக்கு முன்னாடி போனவங்க யாரும் இல்லை. எழுதினவங்க நீங்க. நாளைக்கு நீங்களே நடுவுல நின்னு, முதல் குரலா எடுத்துக் குடுங்க. நாங்க பின்னாடி சொல்றோம்.”

கூட்டத்தில் ஒரு கிசுகிசுப்பு எழுந்தது. நல்லது, நல்லது என்று அது வரிசைவரிசையாகப் பரவியது. கல்தச்சர் உளியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா பேருக்கு, உங்க நாலு வரிக்குக் கீழ இடம் இருக்குங்க” என்றார். “இப்பவே ஆரம்பிச்சாத்தான் காலையில முடியும். முழுப் பேர் வேணுமா, சுருக்கமாப் போதுமா?”

“காலையில சொல்றேன்” என்றார் இயக்குநர்.

காலையில் படை வாசலில் தயாராக நின்றது. ஊரும் நின்றது. இயக்குநரைக் காணோம். ஆள் போனது. இதோ வருகிறேன் என்றார். இன்னொரு ஆள் போனது. புதுக் காலணி கடிக்கிறது என்றார். மூன்றாவதாக மிச்சமே போனாள். இயக்குநர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், காலணியைக் கையில் வைத்துக்கொண்டு, அசையாமல் குந்தி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கட்டிவிட்டது என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

தாமதம், காலணி, தொண்டை, குந்தல். மிச்சம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு குறையும் குறையவில்லை. நாலு நாள் பாடுபட்டு அவள் சொல்லிக்கொடுத்ததை ஒரு வகுப்புக்குக்கூட வராமல் மனுஷர் கரைத்துக் குடித்திருந்தார். முதல் குரல் வராததால் படை போகவில்லை.

அவளே பெரிய பிழைப்பாளி என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது, கண்ணுகளா. அவள் பிழைத்தது ஒரே ஒரு தடவை. வாசலோரம் போய்ப் பாருங்கள், எத்தனை தூண்! ஒவ்வொன்றின் உச்சியிலும் அவர் எழுதிய நாலு வரி இருக்கிறது. அவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.